மலுங்காய்

வெள்ளிக்கிழமை. கறன்ட் போன பதினொரு மணி.
மரக்கறிச் சட்டியை மேல்தட்டிலிருந்து இறக்குகிறேன்.
மீன்சட்டி நேற்றிரவே மூலைக்குப் போய்விட்டது.
ஒரு சுண்டு பயறு,
கல் பொறுக்கி, கழுவி,
வறுக்காமல் அப்படியே தண்ணீரில்.
இந்தக் கொக்குவில் குசினியில்
பயறு சட்டியில் வறுபடாமல் அவிவது
இதுதான் முதல் தடவை.

டோகாவில் ஏழு பேருக்கு ஒரு குசினி,
எங்கள் இரண்டு பேருக்கு ஒரு சட்டி.
அவள் பேர் லூஸ்விமிந்தா.
மூன்று தீவுகளின் பேரை வெட்டி ஒட்டித்
தகப்பன் வைத்ததாம்.
நான் வேலணை என்றேன்.
"ஒரு தீவுதானா?" என்று
எனக்காகப் பாவப்பட்டாள்.

ஆறு நாளும் ஹோட்டல் படுக்கைவிரிப்பு மடித்து
ஏழாம் நாள் சமையல்.
எனக்கு விரதம்,
அவளுக்குத் தவக்காலம்,
முதலாளிக்கு ஜும்மா.
மூன்று பேரும் ஒத்துப்போன
ஒரேயொரு விஷயம் வெள்ளிக்கிழமை.

பயறு வெடித்துத் தோல் கழன்று வருகிறது.
இனி மற்ற அடுப்பில் எண்ணெய்.
முதலில் உள்ளி.
அது சிவக்க முன்னம் வெங்காயம்.
பிறகு தக்காளி,
"அது அழுது முடியும் வரைக்கும் பொறு" என்பாள்,
அகப்பையால் என் கையில் தட்டி.

கை தன்பாட்டில் தூள் போத்தலுக்குப் போகிறது.
இழுத்துக்கொள்கிறேன்.
அடுத்து அது திருவலையைப் பார்க்கிறது.
அதுவும் இல்லை, தங்கச்சி,
பால் விடுவதில்லை இதற்கு.
உப்பு. மிளகு. அவ்வளவுதான்.

குகதாசன் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சுகிறார்.
"என்னப்பா, ஆருக்கும் சுகமில்லையோ?
வருத்தக்காரருக்குக் காய்ச்சிற மாதிரிக் கிடக்கு."

முதன்முதல் அவள் "மலுங்காய்" என்றபோது
எனக்குக் கேட்டது முருங்கைக்காய்.
ஓம் ஓம், எங்களிட்டையும் இருக்கு என்றேன்,
விரலால் நீளம் காட்டி.
அவளோ சின்ன விரல்நகத்தைக் காட்டினாள்.
ஒரு கிழமை முழுக்க
ஒருவரையொருவர் பொய்க்காரி என்று நினைத்தோம்,
பிலிப்பினோ கடையின் குளிர்ப்பெட்டியில்
முருங்கையிலை
பொலித்தீனுக்குள் வேர்த்துக் கிடக்கும் வரைக்கும்.

இன்னொன்று.
அவளுக்குக் காய்ந்த இறால் இல்லாமல் பயறு இறங்காது.
அதைத் தன் கோப்பையில் தனியாக இட்டு,
மேலே கொதிக்கக் கொதிக்க ஊற்றி,
ஒரு பீரிசால் மூடிவைப்பாள்.
சட்டியில் போட்டதேயில்லை.
நான் கேட்டதில்லை, அவள் சொன்னதுமில்லை.
மூன்றாம் மாதம்தான்
எனக்கு அது கண்ணில் பட்டது.

இலை எப்போது போடுவது?
கொதிக்கும்போதா, இறக்கியபிறகா?
மறந்துபோச்சு.
குரல்செய்தி அனுப்பிவிட்டு நிற்கிறேன்.
அவள் இப்போது ஹொங்கொங்கில்,
யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பாள்.
பதில் இல்லை.
கொல்லைக்குப் போய், வேலிக்கு மேலால் சரிந்த கிளையில்
இரண்டு கொத்து முறித்து வந்து
உருவி,
கொதியிலேயே போட்டுவிட்டேன்.

சோறு, மேலே பயறு.
மிதுஷன் குழைத்துச் சாப்பிடுகிறான்,
ஒன்றும் சொல்லவில்லை,
இரண்டாம் தரம் கோப்பையை நீட்டினான்.
இவர் மெல்ல எழும்பிப் போய்
தூள் போத்தலோடு வருகிறார்,
சட்டியின் மூடியைத் திறக்கிறார்.
"உங்கட கோப்பைக்கு மட்டும்" என்றேன்.
என்னை ஒருதரம் பார்த்தார்.
மூடியை மூடினார்.

பின்னேரம் கறன்ட் வந்தது, அவள் குரலும் வந்தது.
பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம்.
இலை கடைசியில்,
அடுப்பை அணைத்தபிறகு.
கொதியில் போட்டால் கைக்கும் என்று
எத்தனை தரம் சொன்னேன் உனக்கு?
இங்கே அந்த இலை ஒரு பிடி என்ன விலை தெரியுமா,
உன் மரத்தைக் காட்டு.

படம் எடுத்து அனுப்பினேன்.
கீழ்க்கிளையில் மயிர்க்கொட்டி ஒன்று,
நான் பார்க்கவில்லை, அவள் பார்த்துவிட்டாள்.
எங்கள் வீட்டு மரத்திலும் இவன் இருப்பான் என்றாள்.
உன் பாஷையில் இவனுக்கு
என்ன பேர்?